பரணிலிருந்து இறங்கிய பொம்மைகள்

மேற்கு மாம்பலத்தில் என் பெரியம்மா 38 ஆண்டுகளாகக் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதென்று, இரண்டு வருடச் சண்டை சச்சரவுகளுக்குப் பிறகு, குடியிருப்போர் எல்லோரும் சென்ற ஆண்டு ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள். பில்டரிடம் சாவியைக் கொடுக்க மூன்று வாரங்களே இருந்தபோது பரணைக் காலி செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. குடும்பத்தில் ஏணி ஏறக்கூடிய வயதில் இருப்பவனும், ஏறச் சொன்னால் மறுக்கத் தெரியாதவனும் நான் ஒருவன்தான். பித்தளை அண்டா, ஓட்டை விழுந்த இட்லிக் குண்டான், கொலுப் பொம்மைகள் அடங்கிய இரண்டு தகரப் பெட்டிகள், பெரியப்பாவுக்குப் பணி ஓய்வு நாளில் அலுவலகத்தார் கொடுத்த சுவர்க் கடிகாரம் ஆகியவற்றைத் தாண்டி, சுவரை ஒட்டினாற்போல், விமான நிலையத்துச் சீட்டு இன்னும் உரியாத மூன்று அட்டைப் பெட்டிகள் இருந்தன. அவற்றின் மேல், ‘பத்திரம், மேலே வெயிட் வைக்காதே’ என்று மார்க்கர் பேனாவால் அக்கா எழுதியிருந்தாள்.

அக்கா என்று நான் சொல்வது பெரியம்மாவின் மகளை. அவள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். பெட்டிகளின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பிய ஐந்தாவது நிமிடத்தில், அங்கே பின்னிரவு என்பதையும் பொருட்படுத்தாமல், அவளே அழைத்துவிட்டாள்.

“அதைத் தூக்கிப் போட்டுடாதடா. தொண்ணூறுல வந்ததுக்கெல்லாம் இப்பதான் மறுபடியும் மவுசு வருதுங்கறாங்க. நல்லாப் பாத்து, ஒண்ணொண்ணா படம் எடுத்து அனுப்பு.”

அவள் கேட்டதைச் செய்யப் போய்த்தான் ஏறக்குறைய ஒரு மாதம் இந்த விஷயத்திலேயே கிடந்தேன். ஒருகாலத்தில் அமெரிக்காவே பித்துப் பிடித்துச் சேர்த்த ‘பீனி பேபி’ என்ற பொம்மை, விலை விழுந்து கால் நூற்றாண்டு கழிந்த பின், பழைய விலைக்குத் திரும்புமா என்பதே அக்காவின் கேள்வி. அதற்கு நான் கண்டடைந்த விடை அவளுக்கு உவப்பானதாக இல்லை.

கூடத்தில் பெட்டிகளை இறக்கி டேப்பைக் கிழித்தபோது பாச்சை உருண்டையின் நெடி குப்பென்று வந்தது. உள்ளே 62 பீனி பேபிகள் இருந்தன. உள்ளங்கையைவிடச் சற்று நீளமான துணிப் பொம்மைகள். பஞ்சு குறைவாகவும், ஜவ்வரிசி அளவுள்ள பிளாஸ்டிக் மணிகள் மிகுதியாகவும் அடைத்திருப்பதால், கையில் எடுத்தால் தூங்கிவிட்ட குழந்தையின் கைகால்போலத் துவண்டு விழும். பச்சைத் தவளை, சிவப்பு நண்டு, இளஞ்சிவப்புப் பன்றி, விதவிதமான நிறங்களில் கரடிகள். ஒவ்வொன்றின் காதிலும் இதய வடிவச் சிவப்பு அட்டை ஒன்று தொங்கியது. அதைத் திறந்தால் பொம்மையின் பெயர், பிறந்த நாள், நாலு வரிப் பாட்டு. அந்த அட்டை மடங்கிவிடக் கூடாது என்பதற்காக அதற்கென்றே விற்ற பிளாஸ்டிக் உறை ஒன்றை அக்கா எல்லாவற்றுக்கும் மாட்டியிருந்தாள். விலை உயர்ந்தவை என்று அவள் கருதிய 12 பொம்மைகள் தனித்தனியாகக் கண்ணாடிபோன்ற கெட்டி பிளாஸ்டிக் பெட்டிகளுக்குள் உட்கார்ந்திருந்தன. சென்னையின் கடற்காற்று அட்டைகளை விட்டுவைக்கவில்லை. உறைக்குள்ளேயே ஈரம் கோத்து, அட்டையில் துருநிறப் புள்ளிகள் பூத்திருந்தன. இரண்டு உறைகள் எப்படியோ கழன்று விழுந்திருந்தன. அந்த இரண்டு பொம்மைகளின் அட்டைகள் மட்டும் புதிதுபோல இருந்தன.

இவை எப்படி மாம்பலத்துப் பரணுக்கு வந்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1997-இல் அத்தான் வேலை பார்த்த சென்னை மென்பொருள் நிறுவனம் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தேதி தெரியாமல் திகைத்துவிடும் என்ற பயத்தில் நிரல்களைத் திருத்த ஆள் தேடிய காலம் அது. ஆங்கிலமும் கோபாலும் தெரிந்தவருக்கு விசா கிடைத்தது. கோபால் என்றால் நபர் அல்ல, கோபால் எனத் தமிழ்ப் பையன்கள் செல்லமாக அழைத்த கோபோல் என்ற நிரல்மொழி. எடிசன் நகரில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருவரும் குடியேறினார்கள். 1998-இல் மகள் பிறந்தாள். அக்காவுக்கு அங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்மணி, மகளின் கல்லூரிப் படிப்புக்கு இதைவிட நல்ல சேமிப்பு கிடையாது என்று சொல்லி, பரிசுப்பொருள் கடை வாசலில் காலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்க அழைத்துப் போனார். 2001-இல் அத்தானுக்கு வேலை போனது. சாமான்களை ஏறக்கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள், 2004-இல் மறுபடி அங்கே போனபோது, ‘விலை ஏறட்டும்’ என்று பெட்டிகளை இங்கேயே விட்டுப் போனார்கள்.

அக்காவை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு அங்கே நடந்ததைப் படித்தால் யாராக இருந்தாலும் வரிசையில் நின்றிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. சிகாகோ நகரின் புறத்தே டை வார்னர் என்பவர் 1986-இல் தொடங்கிய நிறுவனம் 1993-இன் இறுதியில் ஒன்பது பொம்மைகளோடு இந்த வரிசையை அறிமுகம் செய்தது. கடையில் விலை ஐந்து டாலர், அதாவது ஒரு குழந்தை தன் கைக்காசில் வாங்கக்கூடிய விலை. பெரிய பல்பொருள் அங்காடிகளுக்கு வார்னர் சரக்குக் கொடுக்கவில்லை. சிறிய பரிசுப்பொருள் கடைகளுக்கு மட்டும், அதுவும் ஒரு கடைக்கு ஒரு வகையில் இத்தனைதான் என்று அளந்து கொடுத்தார். எந்தக் கடையிலும் எல்லாப் பொம்மையும் ஒரே நேரத்தில் இருக்காது. பிறகு சில பொம்மைகளுக்கு ‘ஓய்வு’ அளிக்கப்படுவதாக, இனி அவை தயாராகாது என்று, அறிவிப்பு வர ஆரம்பித்தது. ஓய்வுபெற்ற பொம்மையின் விலை பல மடங்காக ஏறுவதும் உண்டு. அதே சமயத்தில்தான் ஈபே என்ற ஏலத்தளம் வளர்ந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் பக்கத்து ஊரில் என்ன விலை என்பது தெரியாது; இப்போது நாடு முழுவதும் ஒரே சந்தையானது. தொண்ணூறுகளின் இறுதியில் அந்தத் தளத்தில் நடந்த விற்பனையில் சுமார் பத்தில் ஒரு பங்கு இந்தப் பொம்மைகளுடையது. 1997-இல் மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் சிறுவர் சாப்பாட்டோடு குட்டிப் பீனிகளைக் கொடுத்தபோது, ஐந்து வாரங்களுக்கென்று திட்டமிட்ட சுமார் 10 கோடி பொம்மைகள் இரண்டே வாரங்களில் தீர்ந்தன. பொம்மையை எடுத்துக்கொண்டு சாப்பாட்டைக் குப்பையில் போட்டவர்கள் பலர். 1999-இல் லாஸ் வேகாஸ் நீதிமன்றத்தில், மணமுறிவு பெற்ற ஒரு தம்பதி தங்கள் பீனிகளைப் பங்கு பிரிக்க முடியாமல் இழுத்தடிக்க, நீதிபதி அவர்களைத் தரையிலேயே குந்தவைத்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் படத்தை இன்றும் இணையத்தில் பார்க்கலாம். எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினையின்போது பித்தளைப் பாத்திரங்களை எடை போட்ட காட்சி எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் பித்தளைக்கு அன்றும் விலை இருந்தது, இன்றும் இருக்கிறது.

1999 ஆகஸ்ட் 31 அன்று, ஆண்டிறுதியோடு எல்லாப் பீனிகளும் நிறுத்தப்படும் என்று நிறுவனம் அறிவித்தது. ‘தி எண்ட்’ என்று பெயர் சூட்டிய கறுப்புக் கரடி ஒன்றும் அதையொட்டி வந்தது. அக்காவின் பெட்டியில் அது இரண்டு இருக்கிறது. பிறகு, தொடரலாமா வேண்டாமா என்று கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, தொடரலாம் என்று முடிவு வந்ததாகச் சொல்லித் தொடர்ந்தார்கள். அத்துடன் மந்திரம் கலைந்தது. ‘இனிமேல் கிடைக்காது’ என்ற ஒரே வாக்கின் மேல் நின்ற விலை, அந்த வாக்கு பொய்த்த பிறகு எதன் மேல் நிற்கும்? 2000-ஆம் ஆண்டு முடிவதற்குள், விற்க வந்தவர்கள் வாங்க வந்தவர்களைவிடப் பல மடங்கு பெருகிவிட்டார்கள். பொம்மைகளால் பெருஞ்செல்வர் ஆன வார்னர், சுவிஸ் வங்கிக் கணக்கை மறைத்த வரி ஏய்ப்பு வழக்கில் 2013-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2014-இல் சிறையில்லாமல் நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார் என்பது இந்தக் கதையின் கிளைக்கதை. அதற்குள் நான் போகவில்லை.

பெட்டிகளில் ஒன்றின் அடியில் 1998-இல் அச்சான விலைக் கையேடு ஒன்றும் கிடைத்தது. ஒவ்வொரு பொம்மைக்கும் எதிரே வாங்கிய விலை, அன்றைய சந்தை விலை, 2008-இல் என்ன விலைக்குப் போகும் என்ற கணிப்பு என மூன்று கட்டங்கள். அக்கா தன்னிடம் இருந்தவற்றுக்கெல்லாம் பச்சை மையால் டிக் போட்டு, கடைசிப் பக்கத்தில் கூட்டுத்தொகை எழுதி, அதன் கீழே இரட்டைக் கோடு கிழித்திருந்தாள்.

இனி இன்றைய நிலவரம். இணையத்தில் தேடினால் ஊதாநிற ‘பிரின்சஸ்’ கரடிக்கு லட்சக்கணக்கான டாலர் விலை போட்டிருப்பதைப் பார்க்கலாம். 1997-இல் இளவரசி டயானா இறந்த பிறகு, அவர் பெயரால் அமைந்த அறநிதிக்காக வெளிவந்த கரடி அது. மார்பில் வெள்ளை ரோஜா தைத்திருக்கும். அக்காவிடம் ஒன்று உண்டு, கெட்டிப் பெட்டிக்குள். அந்த லட்சங்களைப் பார்த்த யாரோதான் அவளிடம் ‘மறுபடி ஏறுது’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அது கேட்கும் விலை. நம் ஊரில் காலிமனைச் சுவரில் ‘சதுர அடி இவ்வளவு’ என்று எழுதிப் போட்டுப் பத்து வருடம் காத்திருக்கும் மனிதரின் விலையும் அப்படிப்பட்டதுதான். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதி ஒன்று இருக்கிறது. அதைத் தட்டியவுடன் லட்சங்கள் மறைந்து, அதே கரடி பத்து டாலருக்கும் அதற்குக் குறைவாகவும் போயிருப்பது தெரியும். சாதாரணப் பீனிகள் இரண்டு மூன்று டாலருக்குப் போகின்றன. ஐம்பது அறுபதைக் கூடையாகக் கட்டி மொத்தமாகத் தள்ளுபவர்களே மிகுதி. 1998-இல் ஐந்து டாலருக்கு வாங்கியது இன்று ஐந்து டாலருக்கே விற்றாலும் பாதி நஷ்டம், ஏனென்றால் இடைப்பட்ட காலத்தில் அங்கே விலைவாசி ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது.

அச்சுப்பிழை உள்ள அட்டை என்றால் விலை கூடும் என்ற ஒரு நம்பிக்கையும் உலவுகிறது. நிறுவனத்தின் இங்கிலாந்துக் கிளை இருந்த கோஸ்போர்ட் ஊரின் பெயர் சில அட்டைகளில் ‘காஸ்போர்ட்’ என்று அச்சாகியிருக்கும். அக்காவிடமே அப்படி ஏழு இருந்தன. ஒரு வீட்டுப் பரணிலேயே ஏழு கிடைக்கும் பிழை எப்படி அபூர்வமாகும்? ஆயிரக்கணக்கில் அடித்த பிழை அது.

உண்மையாகவே நல்ல விலைக்குப் போகும் பீனிகளும் இல்லாமல் இல்லை. 1995-இல் தவறுதலாக அடர்நீலத் துணியில் தைத்துவிட்டுப் பிறகு இளநீலத்துக்கு மாற்றிய ‘பீனட்’ யானை, தொடக்க கால முகவெட்டு கொண்ட டெடி கரடிகள் முதலிய சிலவற்றுக்கு இன்றும் நூற்றுக்கணக்கில், நல்ல நிலையில் இருந்தால் அதற்கு மேலும், டாலர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் ஓர் ஒற்றுமை உண்டு. எல்லாம் பித்துப் பிடிப்பதற்கு முன்பு விற்றவை. அவற்றை வாங்கியவர்கள் குழந்தைகளிடம் கொடுத்தார்கள். குழந்தைகள் அட்டையைப் பிய்த்தார்கள், காதைக் கடித்தார்கள், குளியல் தொட்டியில் போட்டார்கள், தொலைத்தார்கள். மிஞ்சியது சொற்பம். 1997-க்குப் பிறகு விற்றவற்றையோ வாங்கியவர்கள் குழந்தை கண்ணில் காட்டாமல் பெட்டியில் பூட்டினார்கள். கோடிக்கணக்கான பொம்மைகள், எல்லாம் அட்டையோடு, எல்லாம் உறையோடு, எல்லாம் புத்தம் புதிதாக அமெரிக்காவெங்கும் பரண்களில் இருக்கின்றன. அக்கா அந்தப் பிளாஸ்டிக் உறையை மாட்டிய அதே நாளில் அவளைப்போல எத்தனையோ பேர் மாட்டியிருப்பார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதாலேயே எதற்கும் விலையில்லாமல் போயிற்று என்பதே என் முடிவு.

இது நமக்குப் புதிதான கணக்கும் இல்லை. பழைய முத்து காமிக்ஸ் இதழ்களைத் தேடி அலையும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் ஞாயிறுதோறும் அவரைக் காணலாம். 1972-இல் தொடங்கிய அந்த வரிசையின் ஆரம்ப இதழ்களுக்கு இன்று ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுக்க ஆள் இருக்கிறது. அன்று அவற்றை யாரும் சேமிப்பு என்று நினைத்து வாங்கவில்லை. வகுப்பில் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்து, நாலு பேர் கை மாறி, அட்டை கிழிந்து, பரீட்சை லீவில் அம்மா பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். தப்பித்து மூர் மார்க்கெட்டுக்கு வந்தவற்றிலும் ஒரு பகுதி, 1985 மே மாதம் அந்தக் கட்டடம் தீக்கிரையானபோது போயிருக்கும். கிடைத்தற்கரிய இதழ்களை நண்பருக்கு உண்டாக்கிக் கொடுத்தவர்கள் பழைய பேப்பர்காரர்களும் கண்டிப்பான அம்மாக்களும்தான். அவரும் அவற்றை விற்கப்போவதில்லை. பத்து வயதில் பாதியில் பிடுங்கப்பட்ட கதையின் மீதியைப் படிக்கவே வாங்குகிறார்.

பெரியம்மா வீட்டுக் கூடத்திலேயே இதற்கு ஓர் ஒப்புமை கிடைத்தது. வாசல் நிலைகள் பர்மா தேக்கு என்பதால் அவற்றை விலை பேசப் பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்திருந்தார். கூடத்தில் ஒருபக்கம் பீனிகளும் மறுபக்கம் கொலுப் பெட்டிகளும் திறந்து கிடந்தன. பழைய வேட்டித் துணியிலும், 1970-களின் செய்தித்தாளிலும் சுற்றிவைத்த மண் பொம்மைகள். தசாவதாரத்தில் கூர்மம் மட்டும் கிடையாது, நான் ஆறு வயதில் உடைத்தது. கொசப்பேட்டையில் இன்றும் புதிதாகக் கூர்மம் வாங்கலாம், ஆனால் மற்ற ஒன்பதின் முகச்சாயலும் வண்ணமும் அதற்கு அமையாது என்பதால் அந்த இடத்தைப் பெரியம்மா வெறுமையாகவே விட்டு வந்தார். வியாபாரி குனிந்து, செட்டியார் தம்பதி பொம்மை இரண்டையும் எடுத்து, அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “ஜோடி நாலாயிரத்துக்குக் குடுங்கம்மா” என்றார். பெரியம்மா மறுத்துவிட்டார். பீனிகளின் மேல் வியாபாரியின் பார்வைகூடப் படவில்லை. மண் பொம்மை வருடத்துக்கு ஒருமுறை வெளியே வந்தே தீர வேண்டும். வெளியே வரும் ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மூக்குடைந்து போகும். ஐம்பது கொலுவைத் தாண்டி முழுசாக நிற்கும் ஜோடிக்கு மதிப்பு வருவது அதனால்தான்.

அக்கா இதை ஒப்புக்கொள்ளவில்லை. “அப்போ போகிமான் கார்டு? அதுவும் அப்ப வந்ததுதானே, அது மட்டும் ஏறலையா?” என்று மடக்கினாள். நியாயமான கேள்வி. 1996-இல் ஜப்பானிலும், 1999-இல் அமெரிக்காவிலும் வெளிவந்த அந்த விளையாட்டுச் சீட்டுகளும் ஒருமுறை விலை விழுந்தவைதான். பிறகு பெருந்தொற்றுக் காலத்தில் எழுந்து, சாரிசார்ட் என்ற பிராணியின் படம் போட்ட முதல் பதிப்புச் சீட்டு ஒன்று 2022-இல் 4,20,000 டாலருக்குப் போனது. ஆனால் போகிமான் சீட்டு விளையாடுவதற்கு உரியது. பள்ளிக்கூட மதிய இடைவேளையில் பையன்கள் அதைக் கலைத்தார்கள், மாற்றிக்கொண்டார்கள், ரப்பர் பேண்ட் போட்டு நிக்கர் பையில் திணித்தார்கள். முனை மழுங்காத, கீறல் விழாத சீட்டு அபூர்வம். தரம் பார்த்து மதிப்பெண் போடும் நிறுவனங்கள் முழு மதிப்பெண் கொடுத்த அந்த வகைச் சீட்டுகள் நூற்றுச் சொச்சம்தான். அதைவிட முக்கியமாக, அந்த விளையாட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. புதிய சீட்டுகள் வருகின்றன, புதிய பிள்ளைகள் சேர்கிறார்கள், அவர்கள் வளர்ந்து கையில் காசு வந்ததும் பழைய சீட்டைத் தேடுகிறார்கள். பீனியை வைத்து எதையும் செய்ய முடியாது. அதை நினைத்து ஏங்கும் முப்பத்தைந்து வயதுக்காரர்கள் இருக்கலாம், ஆனால் அந்த ஏக்கம் மூன்று டாலரில் தீர்ந்துவிடுகிறது. ஏக்கம் எவ்வளவு பெரிதானாலும், தெருவுக்குத் தெரு கிடைக்கும் பொருளுக்கு யார் கூடுதலாகக் கொடுப்பார்கள்?

எனக்கென்னவோ பீனியின் நெருங்கிய உறவினர் ஈமு கோழி என்றுதான் தோன்றுகிறது. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு வளர்ப்புத் திட்டங்கள் கவிழ்ந்ததைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் கறியைத் தின்றவர் குறைவு, முட்டையை வாங்கியவர் குறைவு. குஞ்சு வாங்கி வளர்க்க அடுத்த ஆள் வருகிற வரைக்கும்தான் அதற்கு விலை. ஆள் நின்றதும், கைவிடப்பட்ட பறவைகளுக்கு அரசு தீவனம் போட வேண்டியதாயிற்று. ஈமுவுக்கு மறுபடி விலை வருமா என்று இன்று யாரும் கேட்பதில்லை. பீனிக்கு மட்டும் கேட்கிறோம், காரணம் அது தீவனம் கேட்பதில்லை. பரணில் சத்தமில்லாமல் கிடந்து ஆசையை மட்டும் வளர்க்கிறது.

கணக்கில் கெட்டிக்காரர் பெரியம்மாதான். மொத்தம் எவ்வளவு செலவழித்தாய் என்று மகளிடம் போனில் கேட்டார். அந்தப் பிரின்சஸ் கரடியை மட்டும் கடைக்கு வெளியே 150 டாலருக்கு வாங்கியதாகவும், எல்லாம் சேர்த்து 1,400 டாலர் ஆகியிருக்கும் என்றும் அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அன்றைய மதிப்பில் அது 60,000 ரூபாய். அப்போது பவுன் சுமார் 3,000 ரூபாய். பெரியம்மா காகிதம் பேனா எதுவும் இல்லாமல், “இருபது பவுன்” என்றார். 2025 ஜூலையில் சென்னையில் பவுன் 75,000 ரூபாயைத் தாண்டியது. பெருக்கிச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. “ஒரு காசுமாலை பண்ணிப் போட்டிருக்கலாம் குழந்தைக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த என் அண்ணன் மகளின் கல்லூரிப் பையில், கூரிய பல்லைக் காட்டிக்கொண்டு லபுபு என்ற பொம்மை ஒன்று தொங்கியது. ஹாங்காங்கில் பிறந்த ஓவியர் காசிங் லுங் 2015-இல் உருவாக்கிய இந்தப் பிராணியைச் சீனாவின் பாப் மார்ட் நிறுவனம் 2019 முதல் பொம்மையாக விற்கிறது; எது உள்ளே இருக்கிறது என்று தெரியாத மூடிய பெட்டியில். கொரிய இசைக்குழுவான பிளாக்பிங்கின் பாடகி லிசா 2024-இல் அதைப் பையில் மாட்டிக்கொண்டு வந்த பிறகு உலகமே அதன் பின்னால் ஓடியது. 2025 ஜூனில் பெய்ஜிங்கில் ஆள் உயர லபுபு ஒன்று 10 லட்சம் யுவானுக்கு மேல் ஏலம் போனது. நிறுவனம் சரக்கை அதிகமாக விட்டதும், மறுவிற்பனை விலை சரசரவென்று இறங்கியது. வார்னர் அளந்து கொடுத்தார், இவர்கள் மூடிக் கொடுக்கிறார்கள். அண்ணன் மகளிடம் இருப்பது ரங்கநாதன் தெருவில் 250 ரூபாய்க்கு வாங்கிய போலி. “டூப்ளிகேட்தான் சித்தப்பா, ஒரிஜினல் வாங்கினா பஸ்ல மாட்டிட்டுப் போக முடியுமா? பயமா இருக்கும்” என்றாள். அதன் ஒரு காது அழுக்கேறி, பல் ஒன்று பெயர்ந்திருந்தது. பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் அடுக்கிவைத்திருக்கும் தன் தோழியை அவள் கிண்டல் செய்தாள். இருபத்தைந்து வருடம் கழித்து அந்தத் தோழி யாரையாவது அழைத்து, தூக்கிப் போட்டுவிடாதே என்று சொல்லக்கூடும்.

பீனிகள் பழைய விலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் பெரும் பகுதி அழிய வேண்டும். துணியும் பிளாஸ்டிக் மணியும் லேசில் அழியாது. அதிலும் பாச்சை உருண்டையோடு பெட்டியில் இருப்பவை என் காலத்துக்குள் அழியப்போவதில்லை. இன்னும் அறுபது எழுபது வருடத்தில், வாரிசுகள் ஒவ்வொருவராகக் குப்பையில் கொட்டி முடித்த பிறகு, மிஞ்சும் சிலவற்றுக்கு அருங்காட்சியகம் ஏதாவது ஒரு விலை கொடுக்கலாம். அது அக்காவின் பேரப்பிள்ளைகளின் பிரச்சினை. ஒவ்வொன்றாக ஈபேயில் விற்றால் என்ன என்றும் பார்த்தேன். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு பொம்மையை அனுப்பும் அஞ்சல் செலவு பொம்மையின் விலையைவிடப் பல மடங்கு. திரும்பிப் போகவும் வழியில்லாமல் அவை இங்கேயே மாட்டிக்கொண்டன.

விஷயத்தை உள்ளபடி சொன்னபோது அக்கா வாக்குவாதம் செய்யவில்லை. பிரின்சஸ் கரடியையும், மகள் முதலில் தூக்கிய தவளையையும் எடுத்துவைக்கச் சொன்னாள். விலங்குகளில் பதினைந்தைப் பெரியம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். வாடகை வீட்டில் வைக்கப்போகும் கொலுவில் படிக்குக் கீழே, வெந்தயம் முளைக்கவிட்ட பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு மிருகக்காட்சிசாலைக்கு. மீதியை அந்தக் கட்டடத்துப் பிள்ளைகளுக்கும், காவலாளியின் பேத்திக்கும் கொடுத்தோம். கொடுப்பதற்கு முன் நானும் அண்ணன் மகளும் உட்கார்ந்து அட்டை உறைகளைக் கழற்றினோம்; குழந்தை வாயில் போட்டுவிடும் என்று பெரியம்மா சொன்னார்.

கடைசி நாள், பழைய பேப்பர்காரர் தராசோடு வந்தார். நாலைந்து பீனிகளை யாரும் எடுத்துக்கொள்ளாததால் அவற்றையும் நீட்டினேன். “துணி பொம்மை எடுக்கறதில்ல சார்” என்று ஒதுக்கிவிட்டு, கெட்டிப் பெட்டிகள் பன்னிரண்டையும் உறைகள் அத்தனையையும் ஒரு கோணியில் கொட்டினார். ஒன்றே முக்கால் கிலோ இருந்தது. கிலோ பன்னிரண்டு வீதம் இருபத்தொரு ரூபாய் கொடுத்தார். ஒரு ரூபாய்ச் சில்லறை இல்லாததால் இருபதாக வாங்கிக்கொண்டேன்.